சொற்கணக்குகளில் தேவையான தகவலைக் கண்டறிதல்

சொற்கணக்குகளில் தேவையான தகவலைக் கண்டறிதல் என்பது, சொற்களால் விவரிக்கப்பட்ட ஒரு கணக்கில் கேட்கப்பட்ட வினாவுக்கு விடை காண உதவும் தரவுகளை, உதவாத தரவுகளிலிருந்து பிரித்தறியும் திறன் ஆகும். சொற்கணக்கு என்பது வாக்கியக் கணக்கு, வசனக் கணக்கு என்ற பெயர்களாலும் வழங்கப்படுகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய செயல்களைத் தொடங்கும் முன்னரே இத்திறன் தேவைப்படுகிறது. நாற்செயல்களைப் பிழையின்றிச் செய்யும் மாணவர்களிலும் பலர் இந்த முதற்படியிலேயே இடறுகின்றனர். பாடநூற் கணக்குகளில் பெரும்பாலும் தேவையான எண்கள் மட்டுமே தரப்படுவதும், அவை அனைத்தும் ஒருமுறை பயன்படுத்தப்பட்டுவிடுவதும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

தகவலும் வினாவும்

பின்வரும் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

எ.கா: கோமதி காலை 7 மணிக்கு 500 ரூபாயுடன் சந்தைக்குச் சென்றாள். கிலோ 40 ரூபாய் வீதம் 3 கிலோ தக்காளியும், கிலோ 35 ரூபாய் வீதம் 2 கிலோ வெங்காயமும் வாங்கினாள். பேருந்துக்குப் போக வர 20 ரூபாய் ஆனது. காய்கறிக்கு அவள் செலவிட்ட தொகை எவ்வளவு?

இங்கு தேவையானவை நான்கு எண்கள் மட்டுமே. (40 × 3) + (35 × 2) = 190 ரூபாய். 7 மணி, 500 ரூபாய், 20 ரூபாய் ஆகியவை இவ்வினாவுக்குத் தேவையற்றவை. ஆனால் வினாவை மட்டும் "வீடு திரும்பியபோது கையில் இருந்த தொகை எவ்வளவு?" என மாற்றினால், 500, 20 ஆகிய இரண்டும் தேவையான தகவல்களாகிவிடுகின்றன (500 − 190 − 20 = 290). "எத்தனை மணிக்குத் திரும்பினாள்?" என்று கேட்டால் 7 மணி தேவைப்படும். எனினும் பயண நேரமும் சந்தையில் கழித்த நேரமும் தரப்படாததால் விடை காண இயலாது.

ஆகவே "தேவையானது" என்பது ஓர் எண்ணின் இயல்பு அன்று. அது எண்ணுக்கும் வினாவுக்கும் இடையே உள்ள தொடர்பு. கணக்கைப் படிக்கும்போதே எண்களை வட்டமிடும் வழக்கம் பயனற்றுப் போவது இதனால்தான். வினாவை அறியாமல் எதை வட்டமிடுவது என்று எவராலும் கூற முடியாது.

ஒரு கணக்கில் உள்ள தகவல்களைத் தேவையானவை, மிகையானவை, விடுபட்டவை, மறைபொருளாக உள்ளவை எனப் பிரிப்பதுண்டு. மறைபொருளாக உள்ளவை என்பன கணக்கில் எழுதப்படாமல், தீர்ப்பவர் அறிந்திருப்பார் என விடப்பட்டவை. ஒரு டஜன் 12 என்பதும், நெட்டாண்டின் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்பதும் இவ்வகையின. பழைய கணக்குகளில் ஒரு மரக்கால் 8 படி என்பதும் அவ்வாறே. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களைப் படிக்க முற்படும் இன்றைய மாணவருக்கு, கணக்கைக் காட்டிலும் அளவைகளின் வாய்பாடே பெரிய தடையாக நிற்கும்.

விடுபட்ட தகவலை அடையாளம் காண ஓர் எளிய சோதனை உண்டு. தரப்பட்ட அனைத்துக்கும் பொருந்துகின்ற, ஆனால் வெவ்வேறு விடை தருகின்ற இரு நிலைமைகளை உருவாக்க முடியுமா எனப் பார்க்க வேண்டும். ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 40 மீட்டர் எனில் அதன் பரப்பளவு என்ன? 10 × 10 ஆக இருந்தால் 100 சதுர மீட்டர். 15 × 5 ஆக இருந்தால் 75 சதுர மீட்டர். இரண்டுக்கும் சுற்றளவு 40 தான். எனவே தகவல் போதாது. நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம் என்ற செய்தியைச் சேர்த்தால் 12 × 8 என்ற ஒரே செவ்வகம் மட்டும் எஞ்சும், பரப்பளவு 96. ஜிமேட் தேர்வில் இத்தகைய வினாக்கள் "தரவுப் போதுமை" என்ற பெயரில் தனி வகையாகவே கேட்கப்படுகின்றன. அங்கு விடையைக் கணிக்க வேண்டியதில்லை. கணிக்க முடியுமா என்று மட்டும் கூறினால் போதும்.

வரலாறு

கணக்கைக் கதைக்குள் வைத்துச் சொல்லும் வழக்கம் மிகப் பழமையானது. இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதியில் ஒரு வண்டுக் கூட்டம் வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மரத்தின் பூக்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு பூவுக்கும், இவ்விரு பங்குகளின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு மூன்றாவது மரத்துக்கும் செல்கின்றன. எஞ்சிய ஒரே வண்டு இரு மலர்களின் மணத்தால் ஈர்க்கப்பட்டு வானில் அலைகிறது. மரங்களின் பெயர், மலரின் மணம், கேட்கப்படும் பெண்ணின் அழகு ஆகிய அனைத்தையும் நீக்கினால் எஞ்சுவது 3/15 + 5/15 + 6/15 = 14/15 என்பதே. மீதமுள்ள 1/15 பங்கு ஒரு வண்டு என்பதால் மொத்தம் 15 வண்டுகள். நீக்கப்பட்டவை கணிதத்துக்குத் தேவையற்றவை என்றாலும், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கணக்கு நினைவில் நிற்பதற்கு அவையே காரணம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஐரோப்பாவில் எட்டாம் நூற்றாண்டின் அறிஞரான யார்க் நகர அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் கணக்குத் தொகுதியில், நாள் முழுதும் உழும் எருது கடைசி உழவுசாலில் எத்தனை அடிச்சுவடுகளை விட்டுச்செல்லும் என்று ஒரு வினா உள்ளது. விடை: ஒன்றுமில்லை. எருதைத் தொடர்ந்து வரும் ஏர், சுவடுகளை அழித்துவிடும். கணக்கில் ஏர் என்பது வெறும் பின்னணியாகத் தோன்றினாலும் விடையைத் தீர்மானிப்பது அதுவே. மிகையானதாகத் தோன்றும் சொல் முதன்மையான தகவலாக இருப்பதற்கு இது ஒரு பழைய எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டில் இத்திறன் தனி ஆய்வுப்பொருளாயிற்று. அங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில், தீர்வைத் தேடும் முன் மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களைப் பட்டியலிட்டார். தெரியாதது எது, தரவுகள் எவை, நிபந்தனை என்ன, அந்நிபந்தனை போதுமானதா, மிகையானதா, முரணானதா என்பன அவற்றுட் சில. சோவியத் உளவியலாளர் வாடிம் குருதெட்ஸ்கி, மிகைத் தகவல் உள்ள கணக்குகள், தகவல் விடுபட்ட கணக்குகள், வினாவே எழுதப்படாத கணக்குகள் ஆகியவற்றை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார். அவரது நூல் 1968இல் உருசிய மொழியிலும் 1976இல் ஆங்கிலத்திலும் வெளியானது. கணிதத் திறன் மிக்க மாணவர்கள் சில காலம் கழித்தும் கணக்கின் அமைப்பை நினைவில் வைத்திருந்தனர். எண்களையும் கதை விவரங்களையும் மறந்திருந்தனர். மற்றவர்களிடம் இது பெரும்பாலும் தலைகீழாக இருந்தது.

கப்பல் தலைவனின் வயது

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட கணக்கு ஒரு நகைச்சுவையாகத் தோன்றியது. பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் பிளோபேர் 1840களில் தம் தங்கைக்கு எழுதிய கடிதமொன்றில், ஒரு கப்பலின் சரக்கு, பயணிகளின் எண்ணிக்கை, காற்றின் திசை, நேரம் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, அக்கப்பல் தலைவனின் வயது என்ன என்று கேட்டார்.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின், பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள கணிதக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் இதை உண்மையாகவே பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தது. "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?" என்பதே அக்கணக்கு. தொடக்கப்பள்ளியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 97 பேரில் 76 பேர் தரப்பட்ட எண்களைக் கொண்டு ஒரு விடையை எழுதினர். 1980இல் வெளியான இம்முடிவு பிரான்சில் பெரும் விவாதத்தை எழுப்பியது. கணிதக் கல்வியாளர் ஸ்டெல்லா பாருக் 1985இல் எழுதிய நூலுக்குக் கப்பல் தலைவனின் வயது என்றே பெயரிட்டார்.

இதனைக் குழந்தைகளின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குர்ட் ராய்சர் 1980களில் பதிவு செய்த ஒரு மாணவரின் சிந்தனை இதைத் தெளிவாக்குகிறது. 125 ஆடுகளும் 5 நாய்களும் கொண்ட மந்தையின் இடையனுக்கு என்ன வயது என்பது கணக்கு. கூட்டினால் 130 வரும், அது மிக அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம். வகுத்தால் 25, இது பொருந்துகிறது என்று அம்மாணவர் முடிவு செய்தார். விடை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற உணர்வு அவரிடம் இருந்திருக்கிறது. வினாவுக்கும் தரவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் கேட்டால் விடை இருக்கும், தரப்பட்ட எண்களிலிருந்தே அது கிடைக்கும் என்ற எழுதப்படாத உடன்பாடு வகுப்பறையில் நிலவுகிறது. பிரெஞ்சுக் கல்வியியலாளர் கீ புரூசோ இதனைக் கற்பித்தல் ஒப்பந்தம் என்று அழைத்தார். அவ்வொப்பந்தத்தின்படி பார்த்தால் 76 குழந்தைகளும் தங்கள் பங்கை நிறைவேற்றியிருக்கிறார்கள்.

அதே 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் 2018 சனவரியில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், சுன்சிங் மாவட்டத்து ஐந்தாம் வகுப்புத் தேர்வுத்தாளில் இடம்பெற்றன. தேர்வுத்தாள் இணையத்தில் பரவிப் பலரது கண்டனத்துக்கு உள்ளானபோது, மாணவர்களின் விமர்சன நோக்கையும் தற்சிந்தனையையும் சோதிப்பதே நோக்கம் என மாவட்டக் கல்வித்துறை விளக்கம் அளித்தது.

கப்பல் கணக்கு வேண்டுமென்றே பொருளற்றதாக அமைக்கப்பட்டது. பொருளுள்ள கணக்கிலும் இதே நிலை காணப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதினருக்குக் கொடுக்கப்பட்டு, 1983இல் முடிவுகள் வெளியான கணக்கு இது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 வீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்துகள் தேவை? சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தனர். ஆனால் 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றும், 18 விழுக்காட்டினர் 31 என்றும் எழுதினர். 32 என்று எழுதியோர் 23 விழுக்காட்டினர் மட்டுமே. பேருந்தைப் பின்னமாக்க முடியாது என்பதும், எஞ்சிய 12 பேரை விட்டுச்செல்ல முடியாது என்பதும் கணக்கில் எழுதப்படாத தகவல்கள்.

தமிழில் எழுதப்படும் கணக்குகள்

"மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி, "விட அதிகம்" என்றால் கூட்டு என்று திறவுச்சொற்களைக் கொண்டு கற்பிக்கும் முறை பரவலாக உள்ளது. தொடக்கத்தில் மதிப்பெண் பெற்றுத் தந்தாலும் இம்முறை விரைவிலேயே கைவிடுகிறது.

எ.கா: கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது வேலனிடம் உள்ளதைவிட 5 குறைவு. வேலனிடம் எத்தனை உள்ளன?

"குறைவு" என்ற சொல்லைக் கண்டு 7 என எழுதுவோர் பலர். விடை 17. மேரி எகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டோபர் மாங்க் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கணக்குகளைப் படிப்போரின் விழியசைவைப் பதிவு செய்தனர். தவறு செய்தவர்கள் மீண்டும் மீண்டும் எண்களையும் ஒப்பீட்டுச் சொற்களையுமே நோக்கினர். சரியாகச் செய்தவர்களின் பார்வை, எந்தப் பொருளைப் பற்றிய எண் என்பதைக் கூறும் பெயர்களுக்கும் சென்றது.

தமிழில் தகவலின் பெரும்பகுதி சொல்லின் ஈற்றில் அமர்ந்திருக்கிறது. "மாலாவிடம் 8 கொடுத்தான்" என்பதற்கும் "மாலாவிடமிருந்து 8 பெற்றான்" என்பதற்கும் எண் ஒன்றே, திசை வேறு. "விலை 40 ரூபாய் உயர்ந்தது", "விலை 40 ரூபாயாக உயர்ந்தது" ஆகிய இரண்டிலும் வேறுபடுவது "ஆக" என்ற ஈறு மட்டுமே. முதலாவதில் 40 என்பது உயர்வு, இரண்டாவதில் அது புதிய விலை. "ஐவருக்கு 20 ரூபாய் கொடுத்தார்" என்பதில் "தலா" என்ற ஈரெழுத்துச் சொல்லைச் சேர்த்தால் செலவு ஐந்து மடங்காகிறது. மேலும் ஐவர், இருவரும், முக்கால், மும்மடங்கு என எண்கள் எழுத்தாலேயே வருவதால், இலக்கங்களை மட்டும் தேடும் கண்ணுக்கு அவை எண்ணாகவே படுவதில்லை. "செவ்வாய் முதல் சனி வரை" என்பதற்குள் 5 என்ற எண் இருக்கிறது; அதனை 4 என்று எண்ணுவோரும் உண்டு. "மூன்று மடங்கு அதிகம்" என்பது மும்மடங்கா நான்கு மடங்கா என்பது எழுதியவருக்கே வெளிச்சம். அத்தொடரைக் கணக்குகளில் தவிர்ப்பது நல்லது.

தேவை போலத் தோன்றுபவை

சில கணக்குகளில், தரப்படாத ஒன்று இன்றியமையாதது போலத் தோன்றும். புவியின் நடுக்கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டப்பட்டுள்ளது என்போம். கயிற்றின் நீளத்தில் 1 மீட்டரைக் கூட்டி, எல்லா இடத்திலும் தரையிலிருந்து சம உயரத்தில் நிறுத்தினால் இடைவெளி எவ்வளவு? புவியின் ஆரத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சுற்றளவு என்பது ஆரத்தின் 2 × பை மடங்கு. ஆகவே சுற்றளவு 1 மீட்டர் கூடினால், ஆரம் 1/(2 × பை) மீட்டர், அதாவது ஏறத்தாழ 15.9 சென்டிமீட்டர் கூடும். புவிக்குப் பதிலாகக் கால்பந்தை வைத்தாலும் விடை இதுவே.

100 கி.மீ. இடைவெளியில் எதிரெதிரே மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் இரு தொடர்வண்டிகளுக்கு இடையே மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் மாறிமாறிப் பறக்கும் ஈ பற்றிய கணக்கும் இத்தகையது. ஈ எத்தனை முறை திரும்பியது என்பது தேவையில்லை. வண்டிகள் சந்திக்க 1 மணி நேரம் ஆகும், எனவே ஈ பறந்த தொலைவு 75 கி.மீ. ஜான் வான் நியூமன் இதற்கு உடனே விடை கூறியதாகவும், குறுக்குவழி தெரிந்திருந்ததா என்று கேட்டபோது, முடிவிலாத் தொடரைக் கூட்டியதாகப் பதிலளித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது.

அலகும் ஒரு தகவல்

எண்ணை எடுத்துக்கொண்டு அதன் அலகை விட்டுவிடுவது, தகவலைத் தவறவிடும் வழிகளுள் மிகவும் ஆபத்தானது. 1983 சூலை 23 அன்று மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்லவிருந்த ஏர் கனடாவின் போயிங் 767 வானூர்தியில் எரிபொருள் காட்டிகள் இயங்கவில்லை. எனவே எரிபொருளைக் கையால் அளந்து கணக்கிட்டனர். அதனை ஒரு சொற்கணக்காகவே எழுதிவிடலாம்: பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம், தொட்டிகளில் இருப்பது 7,682 லிட்டர், இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?

லிட்டரை எடையாக மாற்ற அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, ஆனால் பவுண்டில். கிலோகிராமில் அது ஏறத்தாழ 0.803. அந்நாட்களில் கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய வானூர்திகளுக்குப் பவுண்டுக் கணக்கே வழக்கில் இருந்தது. 7,682 × 1.77 = 13,597 என வந்ததைக் கிலோகிராம் என்று கொண்டு, எஞ்சிய 8,703ஐ மீண்டும் 1.77ஆல் வகுத்து, ஏறத்தாழ 4,917 லிட்டர் நிரப்பினர். உண்மையில் நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் சற்று அதிகம். ஒட்டாவாவில் மீண்டும் அளந்தபோதும் அதே 1.77 பயன்படுத்தப்பட்டதால் பிழை வெளிப்படவில்லை.

சுமார் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரு பொறிகளும் நின்றன. மிதவைவானூர்தி ஓட்டிப் பழகிய தலைமை விமானி ராபர்ட் பியர்சனும் துணை விமானி மொரிஸ் குவின்டாலும், மனிட்டோபாவின் கிம்லியில் இருந்த பழைய வான்படைத் தளத்தில் வானூர்தியை இறக்கினர். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். பெருக்கலும் வகுத்தலும் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்யப்பட்டிருந்தன என்பது இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது.

வழிமுறை

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறை, வினாவிலிருந்து பின்னோக்கிச் செல்வது. வினாவை முதலில் படித்து, விடை எந்த அலகில் இருக்கும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பின், "இதைக் காண எது தெரிய வேண்டும்?" என்று தரப்பட்ட தகவலை எட்டும் வரை கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும்.

எ.கா: 2 வயதுக் குழந்தையின் எடை 12 கிலோ. ஒரு மருந்தை, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்குக் கொடுக்க வேண்டும். மருந்து 60 மில்லிலிட்டர் புட்டியில் உள்ளது. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் மருந்து உள்ளது. ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலிட்டர்?

விடை மில்லிலிட்டரில் வேண்டும். அதற்கு ஒரு வேளை மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதும், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரிய வேண்டும். முன்னதற்கு எடை தேவை: 12 × 15 = 180 மில்லிகிராம். பின்னது 120 ÷ 5 = 24. எனவே 180 ÷ 24 = 7.5 மில்லிலிட்டர். வயதும் புட்டியின் அளவும் இச்சங்கிலியில் எங்கும் வரவில்லை. புட்டி எத்தனை வேளைக்கு வரும் என்று கேட்டால் மட்டும் 60 தேவைப்படும் (60 ÷ 7.5 = 8). கணக்கு முடிந்தபின், பயன்படாமல் நின்ற ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, "இது வேறாக இருந்தால் விடை மாறுமா?" என்று கேட்டுப் பார்ப்பது நல்ல சரிபார்ப்பு ஆகும். இது கணக்குக்கான எடுத்துக்காட்டே. மருந்தின் அளவை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

கணினியும் சொற்கணக்கும்

சொற்கணக்குகளைத் தீர்க்கும் தொடக்ககால நிரல்களுள் ஒன்று, டானியல் பாப்ரோ 1964இல் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்டத்துக்காக லிஸ்ப் மொழியில் உருவாக்கிய ஸ்டூடண்ட் ஆகும். அது ஆங்கில வாக்கியங்களைக் குறிப்பிட்ட வடிவங்களோடு பொருத்திச் சமன்பாடுகளாக மாற்றியது. நிரலாளர் நோக்கில், திறவுச்சொல் முறையை நம்பும் மாணவரும் ஏறத்தாழ இதையே செய்கிறார்.

2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஏறத்தாழ 8,500 பள்ளிநிலைச் சொற்கணக்குகள் அடங்கிய ஜி.எஸ்.எம்.8கே என்னும் தொகுப்பை வெளியிட்டது. பெரிய மொழி மாதிரிகளின் திறனை அளக்க இது பரவலாகப் பயன்பட்டது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தொகுப்பின் கணக்குகளில் தொடர்பற்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தபோதே, சோதிக்கப்பட்ட மாதிரிகள் விடை தவறின. தொடர்பற்ற தகவலைப் புறக்கணிக்குமாறு முன்கூட்டியே கூறியபோது நிலை ஓரளவு மேம்பட்டது.

ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள ஒரு கணக்கில், ஒருவர் வெள்ளியன்று 44, சனியன்று 58, ஞாயிறன்று வெள்ளியைப் போல் இருமடங்கு கிவிப் பழங்களைப் பறிக்கிறார். ஞாயிறு பறித்தவற்றில் ஐந்து பழங்கள் சராசரியைவிடச் சற்றுச் சிறியவை. சிறிய பழமும் பழமே என்பதால் விடை 44 + 58 + 88 = 190. சோதிக்கப்பட்டவற்றுள் முன்னணி மாதிரிகள் சில, அந்த ஐந்தைக் கழித்து 185 என்றன. இத்தகைய வாக்கியங்கள் சேர்க்கப்பட்டபோது சில மாதிரிகளின் சரிவு 65 விழுக்காடு வரை இருந்தது.